தொட்டியில் நத்தை பெருகிவிட்டதா? அறிகுறியைப் பார்த்து ஆரம்பியுங்கள்

வாரத்துக்கு ஒருவராவது எனக்கு ஒரு போட்டோ அனுப்பிவிடுகிறார். மீன் தொட்டிக் கண்ணாடியில் மிளகு தெளித்த மாதிரி நத்தைகள், கீழே ஒரே கேள்வி: "அண்ணா, என்ன மருந்து ஊற்றலாம்?" வீட்டுத் தொட்டிகளையும் மொட்டைமாடித் தாமரைத் தொட்டிகளையும் வருஷக்கணக்கில் கழுவிக் கழுவிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மருந்தில் ஆரம்பித்தவர்கள்தான் அதிகம் செலவழித்தார்கள். நானும் அதில் ஒருவன், அந்தக் கதை கீழே வருகிறது.

உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு நிமிஷ வேலை இருக்கிறது.

முதலில் ஒன்றைக் கையில் எடுங்கள்

பெரியதாக ஒரு நத்தையை எடுத்து, கூர்முனை மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள்.

வாய் இடது பக்கம் திறந்திருந்தால், ஓடு மெல்லியதாக, புள்ளி புள்ளியாக இருந்தால், அது பைசெல்லா. மீன் கடைக்காரர்கள் 'பாண்ட் ஸ்நெயில்' என்று பொதுவாகச் சொல்வதில் பாதி இதுதான். சொந்த ஊர் வட அமெரிக்கா. இதற்கு 1805-இல் பெயர் வைத்தவர் பிரான்ஸ் நாட்டுக்காரர், அங்கே கிடைத்த ஓட்டைப் பார்த்து வைத்தார். அதனால் ரொம்ப காலம் ஐரோப்பிய நத்தை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். செடியோடு ஒட்டிக்கொண்டு அவ்வளவு முன்னாலேயே கடல் தாண்டிவிட்டது.

வாய் வலது பக்கம், கொம்பு முக்கோணமாக, தட்டையாக இருந்தால் பெரும்பாலும் நம் ஊர்க் குளத்து லிம்னேயா. தட்டையாகச் சுருட்டிய முறுக்கு மாதிரி இருந்தால் ராம்ஸ்ஹார்ன். அதில் பழுப்பு நிறத்தில் நம் நாட்டு இனமும் உண்டு. கடையில் சிவப்பாக விற்பது அநேகமாக ஃப்ளோரிடாவிலிருந்து உலகம் சுற்றிய இனம். நீளமாக ஐஸ்கிரீம் கோன் மாதிரி இருந்தால் ட்ரம்பெட் நத்தை. இது நம் நாட்டிலேயே இயற்கையாக உள்ளது. ஆனால் அமெரிக்காவுக்குப் போய் அங்கே தொல்லை கொடுக்கிறது. டெக்சஸில் கோமல் நதியில் மீனின் செவுளைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவுக்கு இது வீடாகிவிட்டது. 'வெளியூர் நத்தை' என்று நாம் ஏசும்போது அந்த ஊர்க்காரர்கள் நம் நத்தையை ஏசிக்கொண்டிருக்கிறார்கள்.

கோலிகுண்டை விடப் பெரியது, உருண்டை, வாயை மூடும் கதவு உண்டு, தலையிலிருந்து ஸ்ட்ரா மாதிரி ஒரு குழாயை நீட்டி மேலே மூச்சு வாங்குகிறது என்றால் அது ஆப்பிள் நத்தை. இது தனிக் கதை. நேராக 'தண்ணீருக்கு மேலே முட்டைக்கொத்து' தலைப்புக்குப் போங்கள்.

மழை பெய்தால் முருங்கையில் ஏறுகிற உள்ளங்கை அகல நத்தையா? அது தரை நத்தை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, 1847-இல் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டதன் வாரிசு. இந்தக் கட்டுரையில் அதற்கு மருந்து இல்லை.

நத்தையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: நேற்று இல்லை, இன்று கண்ணாடி முழுக்கக் குட்டி நத்தை

*சாப்பாடு அதிகம்.* பத்துக்கு எட்டுத் தொட்டியில் இதுதான். சோதனை: மீனுக்குப் போடுகிற தீனி இரண்டு நிமிஷத்தில் காலியாகிறதா என்று நின்று பாருங்கள். ஐந்து நிமிஷம் கழித்தும் சரளையில் துகள் கிடந்தால் மிச்சத்தை நத்தைக்குத்தான் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வீட்டில் அப்பா காலையில் போடுவார், பிள்ளை பள்ளி விட்டு வந்து போடுவான், பாட்டி 'பாவம் மீன் பார்க்குது' என்று ராத்திரி போடுவார். மூன்று பேருக்கும் மற்றவர் போடுவது தெரியாது. டப்பாவின் மேல் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, போட்டவர் கழற்றி வைக்கவும் என்று சொன்னேன். ஒன்றரை மாதத்தில் நத்தை பாதியாகிவிட்டது. செலவு ஒரு ரப்பர் பேண்ட்.

*புதுச் செடி.* கடந்த ஒரு மாதத்தில் செடி வாங்கினீர்களா? இலையின் அடியில் செல்ஃபோன் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வழவழவென்று கஞ்சி உறைந்த மாதிரி ஒரு பட்டை, உள்ளே புள்ளி புள்ளியாக முட்டை. சாய்வான வெளிச்சத்தில்தான் தெரியும், நேராகப் பார்த்தால் கண்ணாடி போல இருக்கும். நகத்தால் சுரண்டினால் முழுசாக வந்துவிடும். நம் வெயிலுக்கு ஒன்று, ஒன்றரை வாரத்தில் பொரிந்துவிடும். பைசெல்லாவுக்கு ஜோடிகூட வேண்டாம். ஒரே நத்தை தானே கருவுற்று முட்டையிடும். அதனால் "ஒண்ணுதானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

*கையால் எடுப்பது.* மருந்துக்கு முன்னால் இதை இரண்டு வாரம் செய்யுங்கள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்த வெள்ளரித் துண்டையோ முட்டைகோஸ் இலையையோ ஒரு சின்னத் தட்டில் வைத்து இறக்குங்கள். காலையில் எழுந்ததும், விளக்குப் போடும் முன், தட்டோடு தூக்குங்கள். முதல் நாள் ஐம்பது, அறுபது வரும். நாலாம் நாள் பத்துக்குக் குறைந்தால் தீனியைக் குறைத்தது வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒரு வாரம் கழித்தும் அதே எண்ணிக்கை வந்தால் தீனி எங்கோ கசிகிறது. சரளைக்குள் கிடக்கும் அழுக்கை சைஃபன் போட்டு உறிஞ்சுங்கள்.

*நத்தை தின்னும் மீன்.* இது மூன்றாவது வழி, முதல் வழி இல்லை. க்ளவுன் லோச் கடையில் இரண்டு அங்குலம், வளர்ந்தால் ஓர் அடி. இரண்டடித் தொட்டிக்காரருக்கு அதை விற்பவரை நான் மன்னிப்பதில்லை. குட்டிப் பஃபர் ஒன்று உண்டு, பட்டாணி அளவு, கேரள ஆறுகளைச் சேர்ந்தது, சின்ன நத்தையை அழகாகக் கொத்தித் தின்னும். ஆனால் மற்ற மீனின் துடுப்பையும் கொத்தும், தவிர அதை ஆற்றிலிருந்து அள்ளி அள்ளி எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. தனித் தொட்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள். அசாசின் நத்தை தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. மற்ற நத்தையைத் தின்னும், உண்மைதான். ஒரு வெளியூர்க்காரரைத் துரத்த இன்னொரு வெளியூர்க்காரரைக் கூட்டி வருகிறோம் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இலையில் ஓட்டை

நத்தையைக் கையும் களவுமாகப் பிடித்தீர்களா? பெரும்பாலும் இல்லை. ஓட்டை விழுந்த இலையில் நத்தை உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். குட்டி நத்தைகள் அழுகத் தொடங்கிய இலையைத்தான் தின்கின்றன.

சோதனை: ஓட்டையின் ஓரம் மஞ்சளாக, பழுப்பாக இருந்தால் இலை முதலில் சத்துக் குறைவால் செத்தது, நத்தை பிறகு வந்தது. பழைய இலையில் மட்டும் என்றால் பொட்டாஷ் குறைவை முதலில் சந்தேகியுங்கள். ஓரம் பச்சையாக, கத்தரித்த மாதிரி இருந்தால்தான் நிஜமான தீனிக்காரர் இருக்கிறார். அது லிம்னேயாவாக இருக்கலாம், ஆப்பிள் நத்தையாக இருக்கலாம், சில சமயம் பசித்த மீனாகவே இருக்கலாம். ஒரு கீரை இலையைக் கல்லில் கட்டிப் போட்டு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து பாருங்கள். யார் என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: ஃபில்டரில் கடகட சத்தம், தண்ணீர் வரத்து குறைவு

பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சின்னச் சக்கரத்தை, வெளியே எடுங்கள். பத்தில் ஒன்பது தடவை உள்ளே ஒரு கடுகளவு நத்தை சிக்கியிருக்கும், அல்லது செத்த ஓடுகள் நாலைந்து சேர்ந்திருக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்சை மாட்டிவிடுங்கள். இருபது முப்பது ரூபாய் வேலை. கழுவிய பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் இம்பெல்லரின் அச்சு தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றலாம். மோட்டார் சுடுகிறது, தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் நத்தையை மறந்துவிட்டு மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: நத்தையெல்லாம் நீர்மட்டத்துக்கு ஏறி நிற்கிறது

பைசெல்லா, ராம்ஸ்ஹார்ன் மேலே வந்தால் பயப்பட வேண்டாம். காற்றைச் சுவாசிப்பவை, அடிக்கடி வரும்.

ட்ரம்பெட் நத்தை பகலில் கூட்டமாக ஏறினால் கவனிக்க வேண்டும். இது செவுளால் மூச்சு விடுவது, பகலெல்லாம் சரளைக்குள் புதைந்து கிடப்பது. அது மேலே வருகிறது என்றால் கீழே மூச்சு முட்டுகிறது. முதலில் ஏர் பம்ப் ஓடுகிறதா பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு சில பம்ப் ஓடாது. அடுத்து அம்மோனியா டெஸ்ட் கிட்டில் நாலு சொட்டு. நிறம் மாறினால் முப்பது சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். சரளையைக் கிளறினால் அழுகிய முட்டை வாசனை வருகிறதா? அப்படியானால் ஒரே நாளில் முழுசாகக் கிளறிவிடாதீர்கள். வாரம் கால்வாசிப் பகுதி மட்டும் சைஃபன் போடுங்கள்.

ராத்திரி சரளை தானாக நகர்கிறது என்று ஒரு அம்மா பயந்துபோய் ஃபோன் செய்தார். அதுவும் ட்ரம்பெட் நத்தைதான். அது சரளையை உழுதுகொண்டிருந்தது. அந்தத் தொட்டியில் நான் எதையும் எடுக்கவில்லை.

அறிகுறி: மருந்து ஊற்றினேன், தண்ணீர் நாறுகிறது, மீன் மேலே வாய் பிளக்கிறது

என் கதை இதுதான். கடைக்காரர் "ரெண்டு மூடி ஊத்துங்க, காலைல ஒண்ணு இருக்காது" என்றார். சொன்ன மாதிரியே காலையில் ஒரு நத்தையும் இல்லை. நாற்பது செர்ரி இறாலும் இல்லை. நத்தை மருந்துகளில் பலவற்றில் இருப்பது செம்பு உப்பு, இறாலுக்கு அது விஷம். செத்த நத்தைகள் ஓட்டுக்குள்ளேயே அழுகின. மதியத்துக்குள் தண்ணீர் பால் நிறமாகி, கூடத்தில் கருவாட்டு வாசனை. சாயங்காலம் மீன் இரண்டு போயின.

உங்களுக்கும் இந்த நிலை என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தீனியை நிறுத்துங்கள். ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். செத்த நத்தைகளை வலையால் அள்ளுங்கள். அழுகல்தான் மீனைக் கொல்கிறது, இதைத் தள்ளிப்போடக் கூடாது. பாதித் தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கி போட மறக்காதீர்கள். ஆக்டிவேட்டட் கார்பன் பை இருந்தால் ஃபில்டரில் வையுங்கள். மறுநாளும் கால் பங்கு மாற்றுங்கள். இவ்வளவுக்கும் பிறகு மீன் பக்கவாட்டில் சாய்ந்தால், வேறு தண்ணீரில் உடனே மாற்றிவிட்டு, மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடுங்கள்.

இறால் இருக்கும் தொட்டியில் செம்பு மருந்து கிடையாது, எந்தச் சூழலிலும். இறால் இல்லாத தொட்டியிலும் முதலில் கையால் பொறுக்கி எண்ணிக்கையைக் குறைத்த பிறகுதான்.

செடிக்கு மட்டும் மருந்து வேண்டும் என்றால் அதற்கு நாட்டு மருந்துக் கடை போதும். படிகாரம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகக் கரைத்து, புதுச் செடியை ஒரு நாள் ஊற வையுங்கள், நன்றாக அலசுங்கள். அனுபியாஸ் மாதிரி தடித்த இலை தாங்கும், கபோம்பா மாதிரி நூல் இலை வாடலாம், அதற்கு நேரத்தைக் குறையுங்கள். எல்லா முட்டையும் இதில் சாகும் என்று நம்ப வேண்டாம். அலசிய செடியைத் தனி வாளியில் மூன்று வாரம் வைத்து, பொரிந்து வருவதைப் பொறுக்கிய பிறகே தொட்டிக்குள் விடுங்கள். வெறும் வாளி, கொஞ்சம் பொறுமை. இந்த ஒன்றைச் செய்பவர்களிடமிருந்து எனக்குப் போட்டோ வருவதில்லை.

அறிகுறி: கட்டையிலும் கண்ணாடியிலும் வெள்ளை எள்

நகத்தால் சுரண்டினாலும் போகாத, கெட்டியான வெள்ளைப் புள்ளிகளா? நெரைட் நத்தையின் முட்டை. அதன் குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும், உங்கள் தொட்டியில் பெருகாது. பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். அடுத்ததைப் பார்ப்போம்.

அறிகுறி: தண்ணீருக்கு மேலே முட்டைக்கொத்து

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆப்பிள் நத்தை வகையில் முட்டை எங்கே, என்ன நிறம் என்பதுதான் அடையாள அட்டை.

*வெள்ளை முட்டை, கரை மண்ணுக்குள், ஈரமான பள்ளத்தில்:* நம் ஊமச்சி. வயலில் பொறுக்கிக் குழம்பு வைப்பார்களே, அந்த வயல் நத்தை. இந்த மண்ணுக்குச் சொந்தம். விட்டுவிடுங்கள்.

*இளம்பழுப்பு அல்லது வெளிர் ரோஸ், தேனடை மாதிரி, தொட்டி மூடியின் அடியில்:* 'மிஸ்டரி ஸ்நெயில்' என்று மஞ்சள், நீலம், ஊதா நிறங்களில் விற்பது. அமேசான் பகுதியைச் சேர்ந்தது. "ஒண்ணே ஒண்ணுதான் வாங்கினேன், எப்படி முட்டை?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெண் நத்தை கடையிலேயே சேர்ந்திருக்கும். விந்தை மாதக்கணக்கில் உடம்பில் வைத்திருந்து பிறகு முட்டையிடும். கொத்தைக் கையுறையோடு பெயர்த்து, பாலிதீன் பையில் போட்டு, ஃப்ரீசரில் இரண்டு நாள். பிறகு குப்பைக்கு. குஞ்சுகளை ஏரியில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். மீன் தொட்டி வியாபாரத்தில் வந்த இதே நத்தை அங்கே நீர்நிலைகளில் குடியேறிவிட்டது.

*பளிச்சென்ற இளஞ்சிவப்பு, மிளகை விடச் சிறிய உருண்டைகள், ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில்:* இதைச் சந்தேகப்பட வேண்டும். தங்க ஆப்பிள் நத்தை, தென் அமெரிக்காக்காரர். வெறுங்கையால் நசுக்காதீர்கள், முட்டையில் நரம்பைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. அந்த நிறமே 'என்னைத் தொடாதே' என்ற பலகைதான். தொட்டிக்குள் மட்டும் என்றால் கையுறையோடு பெயர்த்து ஃப்ரீசர், நத்தைக்கும் அதே வழி. யாருக்கும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். "வேணும்னா எடுத்துக்கோங்க" என்று சொல்லித்தான் இது உலகமெல்லாம் போயிருக்கிறது.

அறிகுறி: மாடித் தாமரைத் தொட்டி மழையில் பொங்கி வழிகிறது, நத்தையும் கூடவே

ஐப்பசி, கார்த்திகையில் வரும் ஃபோன் இது. தொட்டியில் இருந்த நத்தை மாடிக் குழாய் வழியாக மழைநீர் வடிகாலுக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போகிறது. மழைக்காலத்துக்கு முன் நீர்மட்டத்தை நாலு அங்குலம் குறைத்து வையுங்கள். மாடிக் குழாயின் வாயில் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், வாரம் ஒருமுறை இலை அடைக்காமல் தட்டிவிடுங்கள். தொட்டி மாற்றும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் தென்னைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றுங்கள், வலையில் வடிகட்டி. செடி வெட்டிய கழிவை வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள். சரளையும் அப்படியே.

"கொல்ல மனசு வரலை, குளத்துல விட்டுடறேன்" என்று என் சித்தியே சொன்னார். ஃப்ரீசரைக் காட்டினேன். கோபித்துக்கொண்டார், ஆனால் விடவில்லை.

அறிகுறி: வாய்க்கால் சுவரில், வயல் வரப்புச் செடியில் இளஞ்சிவப்புக் கொத்து

இது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. இங்கே நிபுணரைக் கூப்பிட வேண்டும், இன்றே.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், 1980 வாக்கில் இந்தத் தங்க ஆப்பிள் நத்தையைச் சாப்பாட்டுக்காகத் தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். ருசி பிடிக்கவில்லை, விலை போகவில்லை, பண்ணையை விட்டு வெளியேறியது. அடுத்த சில வருஷங்களில் ஜப்பான், பிலிப்பைன்ஸ், 90-களின் தொடக்கத்தில் மலேசியா என்று நெல் வயல்களில் இறங்கிவிட்டது. இளம் நாற்றை அடியில் கத்தரித்துவிடும். சாயங்காலம் நட்ட வயலில் காலையில் திட்டுத் திட்டாக வெறும் தண்ணீர் தெரியும். தண்ணீரை வடித்தால் சேற்றுக்குள் கதவை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். ஸ்பெயினில் எப்ரோ ஆற்று நெல் வயல்களில் இந்த வகை நத்தை 2009-இல் தெரிந்தது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த நத்தையின் பேரினமான பொமேசியா முழுவதையுமே தடை செய்துவிட்டது.

ஆள் வருவதற்குள் நீங்கள் செய்யக்கூடியவை: கொத்தைப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் போட்டோ எடுங்கள். நத்தை கிடைத்தால் வாய்ப்பக்கமும் முதுகுப்பக்கமும் ஒவ்வொரு படம். இடத்தை ஃபோன் மேப்பில் குறியுங்கள். ஒன்றிரண்டை மூடியுள்ள டப்பாவில் அடைத்து வையுங்கள். பூச்சிமருந்து தெளிக்காதீர்கள், நத்தை கொல்லும் சரக்குகளில் பல, மீனையும் கொல்லும், நத்தைக்கு வைக்கும் மெட்டல்டிஹைடைத் தின்று நாய்கள் செத்திருக்கின்றன. நத்தையைத் தின்னவிட வாத்து வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தாலும், அடையாளம் உறுதியாகும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள், முதலில் மாதிரி வேண்டும்.

படங்களை உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோங்கள். குளம், ஏரி என்றால் மீன்வளத்துறை. அடையாளத்தில் குழப்பம் என்றால் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன, சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. "சும்மா நத்தைதானே" என்று வாசலில் யாராவது சொன்னால், முட்டைப் படத்தை முதலில் காட்டுங்கள். முட்டை இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.